444 கையெழுத்து, 450 வாக்கு: இளைய பெய்ஸ்லியின் 26 ஆண்டுகள்

வல்லைவெளி (லண்டன்)

வட அயர்லாந்தின் வடக்கு அன்ட்ரிம் தொகுதி 1970 முதல் 2024 வரை, 54 ஆண்டுகள், ஒரே வீட்டாரின் கையில் இருந்தது. 2010 வரை தந்தை இயன் பெய்ஸ்லி. அதன் பிறகு அதே பெயர் கொண்ட மகன். 2024 ஜூலை 4ஆம் தேதித் தேர்தலில் மகன் 450 வாக்கில் தோற்றார். செய்தி வந்த அன்று எங்கள் ஆட்கள் பலர் மகிழ்ந்ததைப் பார்த்தேன். நானும் மகிழ்ந்தேன். ஏன் என்று கேட்கிற இளையவர்களுக்காக இந்த இழையைத் திறக்கிறேன்.

பெய்ஸ்லிகள் யூனியனிஸ்டுகள். வட அயர்லாந்து பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும், அயர்லாந்துக் குடியரசோடு சேரக் கூடாது என்பது அவர்களுடைய அரசியல். அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு வேறு. 2013ல் இளைய பெய்ஸ்லி குடும்பத்தோடு இரண்டு முறை இலங்கைக்குப் போய் விடுமுறை கழித்தார். விமானம், ஹோட்டல் எல்லாம் ராஜபக்ச அரசாங்கத்தின் செலவு. மதிப்பு 50,000 பவுண்டுக்குக் குறையாது. பாராளுமன்றப் பதிவேட்டில் அதை அவர் காட்டவில்லை. 2014 மார்ச் 19ஆம் தேதி பிரதமர் டேவிட் கமரூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெனிவாவில் இலங்கைக்கு எதிராக வரவிருந்த மனித உரிமைத் தீர்மானத்தை பிரிட்டன் ஆதரிக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

அந்தக் கடிதம் யாருக்குப் போனது என்பதையும் கவனியுங்கள். நான்கு மாதங்களுக்கு முன்தான் கமரூன் யாழ்ப்பாணத்தில் நின்றிருந்தார். காமன்வெல்த் மாநாட்டுக்காகக் கொழும்பு வந்தவர், 2013 நவம்பர் 15ஆம் தேதி வடக்கே வந்து உதயன் நாளிதழ் அலுவலகத்தில் எரிந்த அச்சு இயந்திரங்களைப் பார்த்தார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களைத் தூக்கிப் பிடித்தபடி தாய்மார் வீதியில் நின்றார்கள். மார்ச்சுக்குள் நம்பத்தக்க விசாரணை நடக்காவிட்டால் ஐ.நா.வில் சர்வதேச விசாரணை கேட்போம் என்று கெடு வைத்துவிட்டு அவர் திரும்பினார். கெடு முடிகிற மார்ச்சில் பெய்ஸ்லியின் கடிதம் வருகிறது.

2017 செப்டம்பரில் டெய்லி டெலிகிராஃப் இதை வெளியிட்டது. 2018 ஜூலையில் பாராளுமன்ற ஒழுங்குக் குழு, காசு வாங்கிக்கொண்டு பரிந்து பேசக் கூடாது என்ற விதியை அவர் மீறினார் என்று தீர்ப்புச் சொல்லி, 30 அமர்வு நாட்கள் இடைநீக்கம் செய்யப் பரிந்துரைத்தது. சபை அதை ஏற்றது. தொகுதி மக்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே 2019ல் 12,721 வாக்கு வித்தியாசத்தில் திரும்பவும் அனுப்பினார்கள். 1998ல் தொடங்கிய 26 ஆண்டு அரசியல் வாழ்க்கையில் அந்த ஒரு கடிதத்தைத் தவிர நினைவு வைக்க என்ன இருக்கிறது? இருந்தால் சொல்லுங்கள்.

பாலிமீனா பக்கம்

வல்லைவெளி அண்ணா, நான் அவருடைய பழைய தொகுதியில்தான் குடியிருக்கிறேன். பாலிமீனாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. உங்கள் கோபத்தில் பிழை சொல்ல வரவில்லை. ஆனால் "தெரிந்தே அனுப்பினார்கள்" என்ற இடத்தில் 75,000 வாக்காளர்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள்.

இந்த ஊரில் மூன்று பெரிய ஆலைகள் இருந்தன. கலஹர் சிகரெட் ஆலையை மூடப் போவதாக 2014ல் அறிவித்தார்கள். மிஷெலின் டயர் ஆலை 2018ல் மூடியது. 2019 செப்டம்பரில் ரைட்பஸ் நொடித்தது. ஏறத்தாழ 1,200 பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். லண்டனில் நீங்கள் ஏறுகிற, பின்பக்கம் வளைந்து மூன்று கதவு வைத்த புதிய ரூட்மாஸ்டர் பஸ் இருக்கிறதே, அது இங்கே செய்ததுதான். ஆலையை வாங்க ஜோ பாம்ஃபோர்ட் வந்தார். ஆனால் நிலம் பழைய உரிமையாளர் குடும்பத்தின் கையில் இருந்தது. அதனால் பேரம் முறிகிற கட்டத்துக்குப் போனது. இரண்டு பக்கமும் போய்ப் பேசியவர்களில் பெய்ஸ்லியும் ஒருவர். அக்டோபரில் கைமாறியது. டிசம்பர் 12ஆம் தேதி தேர்தல்.

இப்போது அந்த 12,721ஐ மறுபடி பாருங்கள். இங்கே ஒருவர் வாக்குப் போடப் போகும்போது ஜெனிவாவை நினைத்துக்கொண்டு போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்ததா என்று நினைத்துக்கொண்டு போனார். நீங்கள் மட்டும் நம் ஊர்த் தேர்தலில் வெளிநாட்டுக் கொள்கையைப் பார்த்தா வாக்குப் போட்டீர்கள்?

வல்லைவெளி (லண்டன்)

தங்கச்சி, ஆலைக்காக ஓடியது எம்.பி.யின் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. ஆலையைக் காப்பாற்றியது பாம்ஃபோர்டின் பணம். அதையும் ஒத்துக்கொள்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2019ல் செய்த உபகாரம் 2013ல் வாங்கியதைக் கழுவுமா? ஒரே கையால்தானே இரண்டும் நடந்தது.

சட்டப்புள்ளி

இருவரும் 2018 ஆகஸ்ட்டைத் தாண்டிப் போய்விட்டீர்கள். இந்த விவகாரத்தில் ஆகப் பெரிய விஷயம் அங்கேதான் கிடக்கிறது.

2015ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. ஒரு எம்.பி. 10 அமர்வு நாட்களோ அதற்கு மேலோ இடைநீக்கம் செய்யப்பட்டால், தொகுதியில் திரும்ப அழைக்கும் மனு திறக்கப்படும். ஆறு வாரத்துக்குள் 10 சதவீத வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் பதவி போகும், இடைத்தேர்தல் வரும். அந்தச் சட்டம் நாட்டிலேயே முதல்முறையாகப் பயன்பட்டது இளைய பெய்ஸ்லி மீதுதான். ஆகஸ்ட் 8 முதல் செப்டம்பர் 19 வரை மனு திறந்திருந்தது. தேவை 7,543. விழுந்தது 7,099. 444 கையெழுத்துக் குறைவு. 9.4 சதவீதத்தில் தப்பினார்.

கணக்கை இன்னும் கொஞ்சம் கிளறுவோம். அதற்கு முந்தைய 2017 தேர்தலில், அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்கிற ஷின் ஃபேன் கட்சி அந்தத் தொகுதியில் வாங்கியது 7,878 வாக்கு. அவர்கள் மட்டும் வந்து கையெழுத்துப் போட்டிருந்தாலே வேலை முடிந்திருக்கும். பெய்ஸ்லியின் கட்சிக்காரர் ஒருவர்கூட வர வேண்டியதில்லை. ஆக, அவரைக் காப்பாற்றியது அவரை ஆதரித்தவர்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. எதிர்த்தவர்களும் வீட்டில் இருந்தார்கள்.

ஏன் இருந்தார்கள்? ஒன்று, சட்டம் பத்து மையம் வரை வைக்க இடம் கொடுத்தும், மூன்று மையம்தான் வைத்தார்கள். பாலிமீனா, பாலிமனி, பாலிகாசில். கிராமத்தில் கார் இல்லாதவர் என்ன செய்வார்? இன்னொன்று இதைவிடப் பெரியது. தேர்தலில் வாக்குச்சாவடிக்குப் போகிறவர் யாருக்குப் போட்டார் என்று எவருக்கும் தெரியாது. இந்த மனுவில் ஒரே ஒரு வேலைதான் உண்டு, எதிர்த்துக் கையெழுத்துப் போடுவது. அதனால் கதவுக்குள் நுழைந்தாலே கதை வெளியே வந்துவிடும். பெய்ஸ்லிக்கு 59 சதவீதம் வாக்குப் போட்ட தொகுதியில், பக்கத்துப் பண்ணைக்காரர் பார்க்க அந்தக் கதவுக்குள் எத்தனை யூனியனிஸ்ட் நுழைவார்? அப்படியிருந்தும் 7,099 பேர் கையெழுத்துப் போட்டார்கள். என் கண்ணுக்கு அது சின்ன எண்ணாகத் தெரியவில்லை.

வல்லைவெளி (லண்டன்)

மையங்கள் குறைவு என்பதை ஏற்கிறேன். பயத்தை ஏற்க மாட்டேன். வன்னியில் இருந்து வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு ராணுவத்தின் முன்னால் நின்ற தாய்மாரை எனக்குத் தெரியும். பாலிமனியில் பக்கத்துப் பண்ணைக்காரரின் பார்வைக்கு அஞ்சினார்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

பாலிமீனா பக்கம்

அந்தத் தாய்மார் நின்றது தங்கள் பிள்ளைகளுக்காக. இங்கே இருப்பவரிடம், தான் பார்த்திராத தீவில் காணாமல் போன பிள்ளைக்காக ஊரோடு முறைத்துக்கொள் என்று கேட்கிறீர்கள். கேட்கலாம். கிடைக்காதபோது ஆச்சரியப்படாதீர்கள்.

மேற்குமாம்பலம்

சென்னையில் இருந்து எழுதுகிறேன், வாரிசு அரசியலைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் குடும்பத்தின் கதை எங்கள் ஊர் உதாரணங்களையே தூக்கிச் சாப்பிடும்.

தந்தை 1951ல் சொந்தமாக ஒரு திருச்சபை தொடங்கினார். 1970ல் நாடாளுமன்றத் தொகுதியைப் பிடித்தார். 1971ல் சொந்தக் கட்சி, ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி (டி.யு.பி.). கோயில், கட்சி, தொகுதி மூன்றும் ஒரே வீட்டில். கத்தோலிக்கரோடு எந்த ஒப்பந்தமும் கூடாது என்று முழங்கியவர். 1998ல் புனித வெள்ளி ஒப்பந்தம் என்கிற சமாதான ஒப்பந்தம் வந்தபோதும் எதிர்த்தார். அந்த ஒப்பந்தம் உருவாக்கிய சட்டமன்றத்துக்கு மகன் அதே ஆண்டில் உறுப்பினராகப் போனார். எதிர்த்த வீட்டுக்குள்ளேயே குடியேறுவது நமக்குப் புதிதா என்ன!

2007 மே மாதம் தந்தை முதல்வரானார். ஐஆர்ஏ என்கிற ஆயுத இயக்கத்தின் தலைவர்களில் ஒருவராக இருந்த மார்ட்டின் மெக்கின்னஸ் துணை முதல்வர். அதே அலுவலகத்தில் மகனுக்கு இளநிலை அமைச்சர் பதவி கிடைத்தது. அவருக்கு இணையாக ஷின் ஃபேன் சார்பில் அமர்ந்தவர் ஜெரி கெல்லி, 1973 லண்டன் குண்டுவெடிப்பில் தண்டிக்கப்பட்டவர், 1983ல் மேஸ் சிறையை உடைத்துத் தப்பியவர்களில் ஒருவர். அந்த அறையில் ஒரு மேஜையை நினைத்துப் பாருங்கள், அதன் இரு பக்கமும் இவர்கள்.

மகன் அந்தப் பதவியில் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. ஜயண்ட்ஸ் காஸ்வே என்கிற கற்தூண் கடற்கரை அவர் தொகுதியில்தான் இருக்கிறது. யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அங்கிருந்த சுற்றுலா மையம் 2000ல் எரிந்துபோனது. புதிதாகக் கட்டும் உரிமையை ஒரு தனியார் கட்டுமான முதலாளிக்குக் கொடுக்க அவர் கட்சியின் அமைச்சர் 2007ல் சாய்ந்தார். அந்த முதலாளி அதே கட்சியின் உறுப்பினர். பெய்ஸ்லிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேள்வி மேல் கேள்வி வந்தது. தவறு எதுவும் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே 2008 பிப்ரவரியில் பதவி விலகினார். கடைசியில் நேஷனல் டிரஸ்ட் என்கிற அறக்கட்டளை கட்டி, 2012ல் திறந்தது. 2008ல் ஒன்று, 2018ல் ஒன்று. வல்லைவெளி சார், உங்கள் கடிதம் தனியாக முளைத்த காளான் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பாலிமீனா பக்கம்

2008ல் எதுவும் நிரூபணமாகவில்லை. அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். நிரூபணமானதையும் ஆகாததையும் அருகருகே வைத்து வரிசை என்று சொல்வது சரியில்லை.

அவரைப் பற்றி இந்த ஊரில் பேசுகிறவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். 2017 ஜனவரியில் மெக்கின்னஸ் நோயுற்றுப் பதவியை விட்டபோது, இளைய பெய்ஸ்லி தொலைக்காட்சியில் வெளிப்படையாக நன்றி சொன்னார். தன் தந்தையோடு சேர்ந்து வேலை செய்ததற்காகவும் பல உயிர்கள் காக்கப்பட்டதற்காகவும் சொன்னார். அப்போது அரசாங்கமே உடைந்து, இரு பக்கமும் கடித்துக் குதறிக்கொண்டிருந்த நேரம். அவர் கட்சியில் வேறு யாரும் அந்த அளவுக்குப் போகவில்லை. அவருடைய வாக்காளர்களில் மெக்கின்னஸின் இயக்கத்தால் பிள்ளையை இழந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அப்படிப் பேச ஒரு துணிச்சல் வேண்டும்.

ஓரினச் சேர்க்கையாளர்களைப் பற்றி 2007ல் அவர் சொன்ன அருவருப்பான வார்த்தைகளும் எனக்குத் தெரியும். அதற்கு வக்காலத்து வாங்கவில்லை.

தூண்டில் (டொரொண்டோ)

கல்லெறிவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அந்தக் கடிதத்தால் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. 2014 மார்ச் 27ஆம் தேதி தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 23, எதிர்ப்பு 12, நடுநிலை 12. பிரிட்டன் அதைக் கொண்டுவந்த நாடுகளில் ஒன்று. ஐ.நா. விசாரணை நடந்து 2015 செப்டம்பரில் அறிக்கையும் வந்தது. கமரூன் அந்தக் கடிதத்தைப் பொருட்படுத்தியதாக எந்தத் தடயமும் இல்லை.

அன்று நடுநிலை வகித்த 12 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2012, 2013 இரண்டிலும் ஆதரித்துவிட்டு, விசாரணை என்ற சொல் வந்ததும் ஒதுங்கிக்கொண்டது. நூற்றிருபது கோடிப் பேரின் அரசு செய்ததற்கு ஒரு இழை இல்லை. 75,000 வாக்காளர்களின் எம்.பி. ஒருவருக்கு, தோற்ற பிறகும் ஒரு இழை! நம் கோபம் எப்போதும் கை எட்டுகிற ஆளின் மீதுதான் விழுகிறது.

மேற்குமாம்பலம்

தூண்டில் சார், இந்தியாவுக்கு இழை இல்லை என்று யார் சொன்னது? 2013 மார்ச்சில் இங்கே கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்ததும், திமுக மத்திய ஆட்சியை விட்டு வெளியேறியதும் உங்களுக்கு மறந்துவிட்டதா? திமுக வெளியேறிய தேதி 2013 மார்ச் 19. சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில்தான் பெய்ஸ்லி கடிதம் எழுதுகிறார். தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது. டெல்லி ஒதுங்கியதை நாங்கள் விழுங்கிவிடவில்லை.

வல்லைவெளி (லண்டன்)

தூண்டில் அண்ணைக்கு. கடிதம் பலிக்கவில்லை என்பது கமரூனின் பெருமை. எழுதியவரின் கணக்கில் அதை வரவு வைக்க முடியாது. இலஞ்சம் வாங்கியவன் சொன்ன வேலை நடக்கவில்லை என்றால் வாங்கியது இலஞ்சம் இல்லை என்று ஆகிவிடுமா?

இந்தியா ஒதுங்கியதற்கு அதன் நலன் காரணம். சீனா, கடல், தேர்தல் என்று ஆயிரம் சொல்லலாம். அது அரசுகளின் கணக்கு, எனக்கு அருவருப்பாக இருந்தாலும் விளங்குகிறது. பெய்ஸ்லிக்கு என்ன கணக்கு? அவருடைய தொகுதிக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் என்ன சம்பந்தம்? அவர் அந்தப் பக்கத்தை எடுத்ததற்கு, எவரும் கண்டுபிடித்த ஒரே காரணம் அந்தப் பயணம்தான். ஒழுங்குக் குழுவும் அந்த இடத்தில்தான் கை வைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2006ல் மெக்கின்னஸ் இலங்கைக்கு வந்தார், புலிகளின் பிரதிநிதிகளைச் சந்தித்தார், ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது பிழை என்று கொழும்பில் வைத்தே சொன்னார். சமாதானம் எப்படிச் செய்வது என்று தங்கள் அனுபவத்தைச் சொல்ல வந்தவர். ஏழு ஆண்டுகள் கழித்து அதே வட அயர்லாந்தில் இருந்து இன்னொருவர் வந்தார். அவரும் சமாதான ஒப்பந்தத்தின் பிள்ளை, அதே அலுவலகத்தில் அமைச்சராக இருந்தவர். நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டுப் போனார். போர் முடிந்த ஒரு தேசத்தில் விசாரணை எவ்வளவு முக்கியம் என்று பெல்பாஸ்ட்காரருக்குச் சொல்லித் தர வேண்டுமா? அவர் ஊரில் கொல்லப்பட்டவர்களுக்காக யூனியனிஸ்டுகள் இன்றைக்கும் விசாரணை கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். அந்த நியாயத்தை எங்களுக்கு மறுக்கச் சொல்லி எழுதினார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அடங்கவில்லை.

தூண்டில் (டொரொண்டோ)

நீச்சல் குளத்தைப் பார்த்தார் என்பது உங்கள் கற்பனை. மிச்சத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

சட்டப்புள்ளி

இழை தோல்வியில் தொடங்கியது, அதனால் தோல்விக்கு வருகிறேன். "எங்கள் ஆட்கள் மகிழ்ந்தார்கள்" என்கிறார் வல்லைவெளி. மகிழ்வதற்கு முன் அவரைத் தோற்கடித்தது யார் என்று பார்க்க வேண்டும்.

தோற்கடித்தவர் ஜிம் அலிஸ்டர். பெய்ஸ்லியை விடக் கடுமையான யூனியனிஸ்ட். 1980களின் தொடக்கத்தில் மூத்த பெய்ஸ்லியிடம் உதவியாளராக வேலை செய்தவர், பின்னர் அதே கட்சியின் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். 2007ல் தந்தை ஷின் ஃபேனோடு ஆட்சியைப் பகிர்ந்ததும் இது துரோகம் என்று வெளியேறி, டி.யு.வி. என்ற சொந்தக் கட்சி தொடங்கினார். 2010ல் மகனை எதிர்த்து இதே தொகுதியில் நின்றார், 12,558 வாக்கில் தோற்றார். 14 ஆண்டுகள் காத்திருந்து 450ல் வென்றார்.

இடையில் என்ன நடந்தது? பிரெக்ஸிட், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அதன் விளைவாக வட அயர்லாந்துக்கும் மிச்ச பிரிட்டனுக்கும் இடையில் கடலில் ஒரு சுங்க எல்லை வந்தது. லிவர்பூலில் இருந்து வரும் சரக்குக்குக் காகிதம் காட்ட வேண்டும். ஒரு யூனியனிஸ்டுக்கு அதைவிட அவமானம் கிடையாது. அதை எதிர்த்து டி.யு.பி. இரண்டு ஆண்டுகள் ஸ்டோர்மண்ட் என்கிற வட அயர்லாந்து ஆட்சியை முடக்கியது. பிறகு 2024 பிப்ரவரியில், எல்லை போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு திரும்ப உள்ளே போனது. போகவில்லை என்றார் அலிஸ்டர். அந்த உடன்பாட்டில் பெய்ஸ்லிக்கே மனம் ஒப்பவில்லை. ஆனால் கட்சியின் சின்னம் அவர் தலைக்கு மேல் இருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெக்ஸிட்டுக்காக முன்னின்ற நைஜல் ஃபராஜின் கட்சி அலிஸ்டரோடு கூட்டணி. ஃபராஜோ தன் நண்பர் பெய்ஸ்லிக்குத்தான் ஆதரவு என்று அறிவித்தார். அதுவும் காப்பாற்றவில்லை. அலிஸ்டர் 11,642, பெய்ஸ்லி 11,192.

இலங்கைக்கு வாங்கிய காசுக்காக அவரைத் தண்டிக்கவில்லை. போதுமான அளவு பிடிவாதமாக இல்லை என்பதற்காகத் தண்டித்தார்கள். தந்தை 2007ல் செய்ததன் பாக்கியை மகனிடம் வசூலித்தார்கள். அந்தத் தந்தையின் நல்ல காரியம் என்று உலகம் சொல்வது அந்த ஒன்றைத்தான். இதில் நாம் கொண்டாட என்ன இருக்கிறது?

பாலிமீனா பக்கம்

பாதிதான் சரி, சட்டப்புள்ளி. நீங்கள் தந்த எண்ணுக்கு நடுவில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2017ல் அவர் வாங்கியது 28,521. 2019ல் 20,860. அதாவது மனு நடந்த அடுத்த தேர்தலிலேயே ஏழாயிரத்துக்கு மேல் போய்விட்டது. அந்தத் தேர்தலில் டி.யு.வி. போட்டியிடவில்லை, அதனால் அலிஸ்டர் கதை அங்கே பொருந்தாது. போன வாக்கு அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சிக்கும் நடுவில் நிற்கிற அலையன்ஸ் கட்சிக்கும் போனது. ஊர் பார்க்கப் பகலில் கையெழுத்துப் போடத் தயங்கியவர்கள், மறைவான சாவடியில் பென்சிலை நகர்த்தினார்கள் என்று நான் வாசிக்கிறேன். பிரெக்ஸிட்டும் ஒரு காரணம்தான். ஆனால் முழுக் காரணம் இல்லை. அண்ணா, நீங்கள் தொடக்கத்தில் சொன்ன "தெரிந்தே அனுப்பினார்கள்" என்பதற்குள் இந்த ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் வேலை செய்கிற இல்லத்தில் ஒரு முதியவர் இருக்கிறார். 1970ல் இருந்து ஒரே பெயருக்குப் போட்டவர். 2019ல் தபால் வாக்குச் சீட்டை என் முன்னால் நீண்ட நேரம் மடியில் வைத்திருந்தார். எனக்கு எந்தக் கட்சி என்று காட்டவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒட்டும்போது, அந்தப் பையன் எங்களை வெட்கப்பட வைத்துவிட்டான் என்று மட்டும் சொன்னார். பையனுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு.

வல்லைவெளி (லண்டன்)

ஏழாயிரத்தை ஏற்கிறேன். இருபதாயிரம் மிச்சம் இருக்கிறது, அதையும் நீங்கள் ஏற்க வேண்டும்.

சட்டப்புள்ளி கேட்டதற்குப் பதில்: அலிஸ்டரை நான் கொண்டாடவில்லை. பெய்ஸ்லி தோற்றதைத்தான் கொண்டாடினேன். இரண்டையும் பிரிக்க முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். நான் பிரிக்கிறேன். அந்தக் கடிதத் தாளில் இருக்கிற பெயர் இனி அந்தச் சபையின் பெயர்ப் பட்டியலில் இல்லை, எனக்கு அது போதும்.

மேற்குமாம்பலம்

கட்சித் தலைமைக்கும் அவர் ஒருநாளும் வரவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021ல் தலைமைப் போட்டியில் எட்வின் பூட்ஸுக்காக முன்னால் நின்று வேலை செய்தார். பூட்ஸ் தலைவராக இருந்தது 21 நாட்கள். பெயரும் தொகுதியும் கையில் கொடுக்கப்பட்ட ஒருவர் 26 ஆண்டுகளில் போய்ச் சேர்ந்த உயரம் ஒன்பது மாத இளநிலை அமைச்சர் பதவி.

வல்லைவெளி (லண்டன்)

தங்கச்சி, ஒரு வேண்டுகோள். இப்போது உங்கள் எம்.பி. அலிஸ்டர். ஜெனிவா விவகாரத்தில் அவர் நிலைப்பாடு என்ன என்று ஒரு கடிதம் போடுங்கள். தொகுதிக்காரர் கேட்டால்தான் பதில் வரும், நான் கேட்டால் குப்பைக்குப் போகும்.

பாலிமீனா பக்கம்

போடுகிறேன். எப்படியும் அவருக்கு எழுத வேண்டியிருக்கிறது. 2024 மார்ச்சில், முதியோர் பராமரிப்பு விசாவில் புதிதாக வந்தவர்கள் மனைவி, கணவர், பிள்ளைகளை அழைத்துவரக் கூடாது என்று விதி வந்தது. எங்கள் இல்லத்தில் இரண்டு பெண்கள் அப்படித்தான் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு இருக்கிறார்கள். அது முதல் பத்தி. ஜெனிவாவை இரண்டாவது பத்தியில் வைக்கிறேன்.